கண்டி முதல் புனே வரை: ஒரு குருமடத்தின் வரலாறு

ஒரு சமயம் ஒரு மண்ணில் வேரூன்றியுள்ளதா என்பதை அதன் கோயில்களின் எண்ணிக்கையைக் கொண்டு அறிந்துவிட இயலாது. அம்மண்ணின் மக்களே அதன் ஆசான்களாக அமர்ந்துள்ளனரா என்று வினவுதல் வேண்டும். இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை இவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. அவ்விடையின் ஒரு பகுதியைப் புனே நகரின் நகர் சாலையில் நாம் காணலாம். ஆங்குள்ள பாப்பிறைக் குருமடமும், அதனோடு இணைந்த ஞானதீப வித்யாபீடமுமே அது.

16ஆம் நூற்றாண்டிலேயே கோவாவில் புனித பவுல் கல்லூரி தோன்றி, இந்நாட்டு இளைஞர்க்குச் சமயக் கல்வி அளித்தது. எனினும் கல்வி பெற்றோர்க்கெல்லாம் உரிய இடம் கிடைத்ததில்லை. மத்தேயு தெ காஸ்திரோ என்னும் கோவாவின் மைந்தர், அங்குக் குருப்பட்டம் பெற வழியின்றி உரோமைக்குச் சென்றார். அங்கே குருவாகி, 1637இல் ஆயராகவும் திருநிலை பெற்றார். ஆனால் தாயகம் திரும்பியபோது போர்த்துக்கீசிய அதிகாரம் அவரை ஏற்க மறுத்தது. அவர் கல்வியில் குறைந்தவர் அல்லர். பிறந்த மண்ணே அவருக்குத் தடையாய் நின்றது.

இந்நிலை மாறவேண்டும் என உறுதியாக உரைத்தவர் திருத்தந்தை 13ஆம் லியோ. 1886இல் இந்தியாவில் மறைமாவட்ட ஆட்சிமுறையை நிறுவிய அவர், 1893 ஜூன் 24ஆம் நாள் ஒரு திருமடல் விடுத்தார். அயல்நாட்டினர் இந்நாட்டு மொழிகளையும் பழக்க வழக்கங்களையும் முழுதும் அறிதல் அரிது. மக்களின் உள்ளத்தை அம்மக்களுள் பிறந்தவரே எளிதில் தொடுவர் என்பது அதன் சாரம். 'இந்தியாவே, உன் மைந்தரே உனக்கு மீட்பின் பணியாளராவர்' என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் புதிய குருமடத்தின் விருதுவாக்காயிற்று.

அவ்வாண்டே இலங்கையின் கண்டியில் குருமடம் தொடங்கியது. போலந்து நாட்டவரான திருப்பீடத் தூதர் சலேஸ்கி இதற்குப் பெரிதும் உழைத்தார். பெல்ஜிய இயேசு சபையினர் ஆசிரியராயினர். குரோஜான் அடிகளார் முதல் அதிபரானார். தமிழரும் மலையாளியரும் கொங்கணியரும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். அவர்களுக்கு இலத்தீனே பயிற்றுமொழி. பல மொழியினரை அஃது ஒன்று சேர்த்தது மெய்யே. ஆயினும் நாளை சிற்றூர் மக்களிடம் தாய்மொழியில் பேசவேண்டியவர், அம்மக்கள் ஒரு சொல்லும் அறியாத மொழியில் மெய்யியலும் இறையியலும் கற்றனர் என்பதும் மெய்யே. இம்முரண்பாடு தீர மேலும் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இடைக்காலத்தில் விதைத்தது முளைக்கத் தொடங்கியது. 1923இல் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடி ஆயரானமை, காலம் மாறுவதற்கு அறிகுறியாயிற்று. 1926இல் கண்டிக் குருமடம் பட்டங்கள் வழங்கும் உரிமை பெற்றது. அங்குப் பயின்ற வலேரியன் கிராசியாஸ் 1953இல் இந்தியாவின் முதல் கர்தினாலானார். ஜோசப் பாரேக்காட்டில் 1969இலும், பாகிஸ்தானின் முதல் கர்தினாலான ஜோசப் கோர்தைரோ 1973இலும் அவ்வரிசையில் சேர்ந்தனர்.

இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்றுத் தனித்தனி நாடுகளான பின், இந்தியாவிற்கான குருமடம் கடலுக்கு அப்பால் நிலைத்திருத்தல் பொருந்தாதாயிற்று. 1955இல் அது புனேக்குப் பெயர்ந்தது. கண்டி அம்பிட்டியவில் இலங்கைத் திருச்சபை தனக்கெனத் தேசியக் குருமடம் அமைத்துக் கொண்டது. இங்ஙனம் ஒரு மரத்தின் வேரிலிருந்து இரு மரங்கள் கிளைத்தன.

1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாயிலைத் திறந்தது. புனேக் கல்விக்கூடம் 1972இல் 'ஞானதீப வித்யாபீடம்' என்னும் இந்தியப் பெயரைப் பூண்டது. பின்னர்த் துறவியரான பெண்டிரும் பொதுநிலையினரும் இங்குக் கற்கும் நிலை உருவாயிற்று. இவ்வளாகத்தை ஒட்டிய இயேசு சபை இல்லத்தின் பெயர் 'தெ நொபிலி கல்லூரி' என்பதைத் தமிழராகிய நாம் பெருமிதத்துடன் நோக்கலாம். 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் யாத்த தத்துவ போதகரின் பெயரே அது.

மண்ணின் மைந்தரை ஆசானாக்குவதோடு பணி முடிவதில்லை. அம்மண்ணின் மொழியும் சிந்தனையும் வகுப்பறைக்குள் வருதல் வேண்டும். முன்னதற்குக் கண்டி வழி வகுத்தது. பின்னதைப் புனே தொடங்கி வைத்தது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு இனிவரும் தலைமுறையினருடையது.