தூதாயீம் கனி முதல் பெர்கோனல் வரை: மகப்பேற்று மருந்தின் வரலாறு

பிள்ளையில்லாத ராகேல் தன் சகோதரி லேயாளிடம் தூதாயீம் கனிகளைக் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சியை ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கனியைக் கொடுத்துவிட்ட லேயாளே கருவுற்றாள் என்பதும், பெற்றுக்கொண்ட ராகேல் பின்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதும் கருதத்தக்கவை. மகப்பேற்றுக்கு மருந்து தேடும் முயற்சி அத்துணைப் பழமையானது. ஆயினும், சூலகத்தைத் தூண்டி முட்டையை முதிரச் செய்யும் மருந்து உண்பது விசுவாசக் குறைவோ என்னும் ஐயம் இன்றும் நம் சபைகளில் சிலரை வருத்துகிறது. இவ்வையத்தைத் தீர்க்க முற்படுமுன், இம்மருந்துகள் யாருடைய உழைப்பால் நமக்குக் கிடைத்தன என்பதை அறிதல் நலம்.

1. அகதிகளின் ஆய்வு

1920களின் இறுதியில், பெர்லின் நகரில் பெர்ன்ஹார்ட் சோன்டெக், செல்மார் ஆஷ்ஹைம் என்னும் யூத மருத்துவர் இருவர், சூலகத்தைத் தூண்டும் இயக்குநீர் கருவுற்ற பெண்களின் சிறுநீரில் மிகுதியாக உள்ளதைக் கண்டறிந்தனர். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியே சூலகத்தை ஆளுகிறது என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் சோன்டெக் பதவியிழந்தார். ஸ்வீடன் சென்று, பின்னர் எருசலேமில் குடியேறினார்.

1958இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் கார்ல் கெம்ஸல், இறந்தோரின் பிட்யூட்டரி சுரப்பிகளிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு பெண்களின் சூலகத்தை இயங்கச் செய்தார். ஆனால் இவ்வழி பேரிடர் நிறைந்ததென்று பின்னர் புலனாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1967 முதல் இத்தகைய மருந்து அரசுத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற பெண்களுள் சிலர், பல ஆண்டுகளுக்குப்பின், மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தனர். 1985இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

2. கன்னியர் மடங்களின் கொடை

மாதவிடாய் நின்ற பெண்களின் சூலகம் ஓய்ந்துவிடுவதால், அதனை எழுப்ப முயல்வதுபோல் பிட்யூட்டரி மிகுதியாகச் சுரக்கிறது. அச்சுரப்பு சிறுநீரில் வெளியேறுகிறது. ரோமாபுரியிலிருந்த செரோனோ நிறுவனத்தின் வேதியியலார் பியெரோ டோனினி 1940களின் இறுதியில் அதனைப் பிரித்தெடுத்துப் பெர்கோனல் என்று பெயரிட்டார். எனினும் அதனைப் பயன்படுத்துவார் அன்று ஒருவருமில்லை.

வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறுவயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறிய புருனோ லூனன்பெல்ட் என்னும் யூத மருத்துவரே 1950களின் பிற்பகுதியில் அதன் பயனை உணர்ந்தவர். மருந்து செய்ய, மாதவிடாய் நின்ற பெண்கள் நூற்றுக்கணக்கில் நாள்தோறும் சிறுநீர் அளிக்க வேண்டும். அவர்களுள் கருவுற்ற ஒருத்தியேனும் கலந்துவிடலாகாது. செரோனோவின் நிர்வாகக் குழுவிலிருந்த ஜூலியோ பச்செல்லி, போப் 12ஆம் பயஸின் சகோதரர் மகன். அவர் துணையால் இத்தாலியின் கன்னியர் மடங்களில் வாழ்ந்த முதிய கன்னியாஸ்திரீகள் இதற்கு முன்வந்தனர் என்று லூனன்பெல்ட் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு பெண்ணின் சிகிச்சைக்குப் பத்துக் கன்னியாஸ்திரீகள் பத்து நாள் அளிக்கும் சிறுநீர் தேவை என்பது அவர் கணக்கு. 1962இல் இம்மருந்தின் துணையோடு கருவுற்ற பெண்ணின் முதற் குழந்தை இஸ்ரவேல் நாட்டில் பிறந்தது.

பிள்ளைப்பேற்றைத் துறந்த கிறிஸ்தவப் பெண்கள், தாம் ஒருபோதும் காணாத யூதப் பெண் ஒருத்தி தாயாவதற்குக் காரணமாயினர். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் சிறப்பாகக் குறிக்கப்படவில்லை. மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒப்பான ஈகையை நாம் எளிதில் காணவியலாது.

3. மாத்திரையின் வருகை

1956இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மெரல் நிறுவனத்தில் ஃபிராங்க் பாலோபோலியும் அவர் குழுவினரும் குளோமிஃபீன் என்னும் பொருளை உருவாக்கினர். அது சூல் முதிர்வைத் தூண்டுமென்று 1961இல் ராபர்ட் கிரீன்பிளாட்டும் உடனாய்வாளரும் அறிவித்தனர். 1967இல் அந்நாட்டு அரசு அதனை அங்கீகரித்தது. மூளையில் ஈஸ்ட்ரோஜென் பற்றும் இடங்களை இம்மருந்து அடைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜென் குறைந்துவிட்டதாக மூளை கொண்டு, பிட்யூட்டரியை முடுக்குகிறது, சூலகம் விழிக்கிறது. மாதத்தில் ஐந்து நாள் உண்ணும் எளிய மாத்திரையாதலால் இது உலகெங்கும் பரவிற்று. சூலகத்தில் நீர்க்கட்டிகள் உடைய 750 பெண்களிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் உண்டவருள் 27.5 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் உண்டவருள் 19.1 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர்.

4. கல்கத்தாவின் கண்ணீர்

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் ஓர் ஏடு உண்டு. கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி, சிறுநீரிலிருந்து பெற்ற இதே வகை மருந்தால் ஒரு பெண்ணின் சூலகத்தைத் தூண்டி, உடலுக்கு வெளியே கருவாக்கி, 1978 அக்டோபர் 3 அன்று ஒரு பெண்மகவு பிறக்கச் செய்தார். அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுனுக்கு இத்தகைய தூண்டுமருந்து பயன்படுத்தப்படவில்லை. அரசு அமைத்த குழு முகர்ஜியை நம்பவில்லை. அவர் கண் மருத்துவ நிலையத்திற்கு மாற்றப்பட்டார். 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கச் செய்த அறிவியலார் டி. சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்து, இந்தியாவில் முதன்மை அவருக்கே உரியதென்று 1997இல் எழுதினார்.

5. சபைக்குரிய பாடங்கள்

இவ்வரலாற்றினின்று சிலவற்றை நாம் கற்கிறோம். ஒன்று, இம்மருந்து அகதிகளின் அறிவாலும் துறவியரின் கொடையாலும் வந்தது. இதனை நன்றியோடு ஏற்பதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை. இரண்டு, ஆஸ்திரேலியப் பெண்களின் மரணம், எம்மருந்தையும் ஆராயாது கொள்ளலாகாது என எச்சரிக்கிறது. இன்றும் இம்மருந்துகளால் இரட்டைப் பிள்ளைகளோ அதற்கு மேற்பட்டோ உருவாவதும், ஊசிமருந்தால் சூலகம் அளவுமீறி வீங்குவதும் உண்டாகலாம். ஆகவே மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது. மூன்று, சூலகத்தைத் தூண்டும் மருந்து கணவனிடமுள்ள குறையைத் தீர்க்காது. எனவே மனைவிக்கு மாத்திரை வாங்குமுன் கணவனும் பரிசோதனைக்கு உட்படுதல் நேர்மையாகும்.

மருந்து உண்டும் கருவுறாத பெண்கள் பலர் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். அன்னாளின் கண்ணீரைக் குடிவெறியென்று எண்ணிய ஏலியின் பிழையை நம் ஆயர்கள் மீண்டும் செய்யலாகாது. மலடி என்னும் சொல்லை நம் பேச்சினின்று அகற்றி, வளைகாப்பிலும் திருமுழுக்கு விழாவிலும் அவர்களை முன்னிருக்கையில் அமர்த்தும் சபையே, பெயரறியா அக்கன்னியரின் ஈகையைப் புரிந்துகொண்ட சபையாகும்.