ஓடிகொலோனும் எரிசாராயமும்: மதுவிலக்குக் கால பம்பாயில் ஒரு சொல்வரையறை

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் ‘மது’ என்னும் சொல்லுக்குத் தந்த வரையறை மிக அகன்றது. கள், சாராயம், பீர் ஆகியவற்றோடு நில்லாமல், ஆல்கஹால் கலந்த திரவம் எதுவாயினும் மதுவே என்று அது கொண்டது. ஆகவே வியர்வை நாற்றம் மறையப் பூசிக்கொள்ளும் ஓடிகொலோனும் லாவண்டர் நீரும்கூட விலக்கப்பட்ட பொருள்களாயின.

வேதியியல்படி இவ்வரையறையில் பிழையில்லை. நறுமண எண்ணெய் நீரில் கரையாது. எத்தில் ஆல்கஹாலில் கரையும். தோலில் பட்டதும் ஆல்கஹால் ஆவியாகிவிட, மணம் மட்டும் எஞ்சும். ஓடிகொலோன் புட்டியில் பெரும்பங்கு இந்தக் கரைப்பானே. தமிழும் இவ்வுறவை மறைப்பதில்லை: ஆய்வகத்தில் இருப்பது எரிசாராயம், குடிசையில் காய்ச்சுவது நாட்டுச் சாராயம். சந்தன எண்ணெயை அடியாகக் கொண்ட அத்தருக்கும், அக்குளில் தேய்க்கும் படிகாரத்துக்கும், மாட்டுங்காத் தமிழர் வீடுகளில் கல்லில் இழைத்த சந்தனத்துக்கும் ஆல்கஹால் வேண்டியதில்லை; அவை வரையறைக்குள் வரவில்லை. மேலைநாட்டு முறையில் மணக்க விரும்பியோருக்கே இடர் வந்தது.

அவர்களுள் ஒருவரான எஃப்.என். பல்சாரா என்னும் பார்சி பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். விஸ்கி, பிராந்தியோடு ஓடிகொலோனையும் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வைத்திருந்து பயன்படுத்தும் உரிமையை அவர் கோரினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1951 மே 25 அன்று நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. விஸ்கி மீதான தடை நிலைத்தது. மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் விதித்த தடையோ, அரசமைப்பின் 19(1)(எஃப்) பிரிவு தந்த சொத்துரிமைக்கு எதிரான நியாயமற்ற கட்டுப்பாடு எனச் செல்லாததாயிற்று. ஓடிகொலோன் மீண்டது குடியுரிமையால் அன்று, உடைமையுரிமையால் என்பது கவனிக்கத்தக்கது.

1952ஆம் ஆண்டுத் திருத்தம் 24ஏ பிரிவைச் சேர்த்தது: போதைப் பானமாகப் பயன்படுத்தத் தகுதியற்ற ஒப்பனைப் பொருளுக்கு விலக்கு. ‘தகுதியற்ற’ என்ற இச்சொல்லில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. யாருக்குத் தகுதியற்றது? கொலோனை மணக்க வாங்கியவருக்கு அது பானமன்று. வேறு வழியற்றுக் குடித்தவருக்கு அது பானமே. மரத்துக்குப் பூசும் பிரெஞ்சுப் பாலிஷையும் மக்கள் குடித்தனர். அதனால் அதன் பெயரே மதுவிலக்குச் சட்டத்தில் ஏற நேர்ந்தது. எரிசாராயத்தில் நச்சோ கசப்போ கலந்து கெடுத்தால் எவரும் குடியார் என்ற கணக்கு ஏழைகளிடம் பலிக்கவில்லை.

தாராவியின் நிலை வேறு. மித்தி ஆற்றங்கரைச் சதுப்பில் வெல்லமும் நவச்சாரமும் கொண்டு காய்ச்சிய சாராயத்துக்கு எந்த விலக்குப் பிரிவும் இல்லை. காய்ச்சியோரிலும் சுமந்தோரிலும் குடித்தோரிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பலர். விக்டோரியா டெர்மினஸில் சுமைதூக்கிய வரதராஜ முதலியார் பெருஞ்செல்வரானது இத்தொழிலில்தான். (மாட்டுங்காவில் அவர் எடுத்த பிள்ளையார் விழாவே அவர் பெயரை நகரெங்கும் பரப்பியது என்பது வேறு கதை.) உச்சநீதிமன்றம் வரை சென்றது கொலோன் புட்டி, தாராவிக் குடங்கள் காவல்நிலையத்தோடு நின்றன.

1955இல் மருந்து, ஒப்பனைப் பொருள்களுக்கான ஆயத்தீர்வைச் சட்டம் வந்தபின், கரைப்பானான ஆல்கஹால் வரிக்கணக்கில் முறையான இடம் பெற்றது. ஆயினும் வீட்டில் நறுமணத் தெளிப்பு செய்ய விரும்புபவர் உரிமமின்றி எரிசாராயம் வாங்க இயலாது. தொழிற்சாலைக் கரைப்பானான மெத்தனாலோ வேறு வழியில் நகரின் விளிம்புகளை அடைகிறது. 2015 ஜூனில் மாலாடு மால்வணியில் அதைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பல்சாராவின் ஓடிகொலோனைக் காத்த 19(1)(எஃப்) பிரிவை 1978ஆம் ஆண்டின் 44ஆம் அரசமைப்புத் திருத்தம் நீக்கிவிட்டது. இன்று அப்புட்டிக்குக் காவலாக நிற்பது 24ஏ பிரிவும் அதிலுள்ள ‘தகுதியற்ற’ என்ற சொல்லும்.