கண்டனமும் தண்டனையும்: 1951ஆம் ஆண்டுக் கொரியத் தீர்மானமும் பிரித்தானியாவும்

போர்க்களத்தில் ஒருங்கு நின்று பொரும் நாடுகள் ஆலோசனை மன்றத்திலும் ஒருங்கு நிற்குமென எண்ணுதல் இயல்பு. ஆயினும், பகைவனை உலகறியக் கண்டிக்க முற்படும் வேளையிலேயே நட்பு நாடுகளின் நோக்க வேறுபாடுகள் வெளிப்படுவதுண்டு. கொரியப் போரிற் சீனாவை ஆக்கிரமிப்பாளர் எனக் கண்டிக்குமாறு அமெரிக்கா பிரித்தானியாவை இணங்குவித்த வரலாறு இவ்வுண்மையை விளக்குகின்றது.

1950 ஜூன் 25இல் வட கொரியப் படைகள் தென் கொரியாவினுட் புகுந்தன. ஆகஸ்டு இறுதியில் பிரித்தானியப் படையணியொன்று ஹொங்கொங்கிலிருந்து சென்று அமெரிக்கருடன் சேர்ந்தது. அக்டோபரில் ஐக்கிய நாடுகள் படைகள் 38ஆம் அகலக்கோட்டைக் கடந்து வடக்கே முன்னேறின. சீனப் படைகள் யாலு நதியைக் கடந்து எதிர்த்தன. 1951 சனவரி 4இல் சியோல் நகர் மீண்டும் வீழ்ந்தது. சீனாவைக் கண்டிக்க வேண்டுமென்ற வேகம் அமெரிக்காவில் மூண்டது. சனவரி 20இல் அதற்கான தீர்மானத்தை அமெரிக்கா பொதுச்சபையின் அரசியற் குழுவிற் சமர்ப்பித்தது.

பிரித்தானியா தயங்கியமைக்குக் காரணங்கள் பலவுள. 1950 சனவரியிலேயே அது பீக்கிங் அரசை அங்கீகரித்திருந்தது, அமெரிக்காவோ அங்கீகரிக்கவில்லை. ஹொங்கொங் சீனாவின் வாயிலில் இருந்தது. ஆசியாவிற் பெரும்போர் மூளுமாயின் ஐரோப்பாவின் பாதுகாப்புக் குன்றும் என்ற அச்சமும் இருந்தது. அணுகுண்டுப் பிரயோகம் பற்றி ட்ரூமன் கூறியவற்றால் கலக்கமுற்ற பிரதம மந்திரி அற்லி, 1950 டிசெம்பரில் வாசிங்டன் சென்று வந்திருந்தார். பொதுநலவாய நாடுகளின் கருத்தையும் அவர் புறக்கணித்தற்கில்லை. டீ. எஸ். சேனாநாயக்கா கலந்துகொண்ட 1951 சனவரி இலண்டன் மாநாடு சமாதான வழியையே நாடியது.

எனினும், பிணக்கின் மையம் ஆக்கிரமிப்பு என்னும் சொல்லன்று. அச்சொல்லின் பின் வரக்கூடிய தண்டனையேயாகும். மேல் நடவடிக்கைகளை ஆராயக் குழுவொன்று அமைக்கவும் தீர்மானம் வழிசெய்தது. அதனாற் சமாதானக் கதவு அடைபடுமெனப் பிரித்தானியா அஞ்சியது. போர்நிறுத்தக் கோட்பாடுகளுக்குச் சனவரி 17இற் சீனா அளித்த மறுமொழியை அமெரிக்கா நிராகரிப்பு எனக் கொண்டது. பிரித்தானியாவோ மேலும் விளக்கம் பெறலாமென எண்ணியது. இந்தியப் பிரதிநிதி பெனகல் ராவ் 22இற் பீக்கிங்கின் புதிய விளக்கத்தைக் கொணர்ந்தபோது, அமெரிக்காவின் விருப்பிற்கு மாறாகக் கூட்டம் 48 மணிநேரம் ஒத்திவைக்கப்பட்டது.

சனவரி 25இற் பிரித்தானிய மந்திரிசபை, தீர்மானம் உள்ளவாறே வரின் எதிர்த்து வாக்களிப்பதென்னும் முடிவை நோக்கிச் சென்றது. நிதி மந்திரி கெயிற்ஸ்கெல் இதனை வன்மையாக எதிர்த்தார். அமெரிக்காவும் சற்று இறங்கி வந்தது. லெபனான் பிரேரித்த திருத்தங்களின்படி, சீனா ஐக்கிய நாடுகளின் பிரேரணைகளை 'நிராகரித்தது' என்பது 'ஏற்கவில்லை' என மாறியது. சமாதான முயற்சி திருப்தியாக முன்னேறுமாயின், நடவடிக்கைக் குழு தன் அறிக்கையைப் பிற்போடலாம் என்பதும் சேர்க்கப்பட்டது. கண்டனம் நின்றது, தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. பிரித்தானியாவும் இணங்கியது.

பெப்ரவரி 1இல் தீர்மானம் 44 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை ஏழு, வாக்களியாதவை ஒன்பது. இந்தியாவும் பர்மாவும் எதிர்த்தன, பாகிஸ்தான் வாக்களிக்கவில்லை. பிரித்தானியாவை வென்ற திருத்தங்கள் இந்தியாவை வெல்லவில்லை. தள்ளிவைத்த தண்டனையும் நெடுநாள் நில்லாது, மே 18இல் இராணுவப் பொருட்டடையாக வந்தது. அக்காலத்தில் ஐக்கிய நாடுகளில் அங்கத்துவம் பெற்றிராத இலங்கை, அரிசி முடையினால் 1952இற் சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்துகொண்டது. கொரியாவிற் போர்நிறுத்தம் 1953 ஜூலை 27இலேயே கைகூடியது.

நட்பு நாட்டை இணங்குவித்தல் அதன் வாயை அடைத்தலன்று; அதன் அச்சத்துக்கும் தீர்மானத்தில் இடமளித்தலாம். வலிமை மிக்க அமெரிக்காவும் இரண்டோரிடத்தில் விட்டுக்கொடுத்த பின்னரே பிரித்தானியாவின் வாக்கைப் பெற்றது. தயங்கிய நட்பு நாட்டின் எச்சரிக்கை, கண்டனத்தின் வலிமையைக் குறைக்கவில்லை. சமாதானத்துக்குச் சில காலம் இடமளித்தது. இதுவே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.