அக்டோபர் 12: ஒரு நாள், இரு சாட்சியங்கள்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை பொது விடுமுறை நாளாகும். கூட்டரசின் சட்டத்தில் அதன் பெயர் ‘கொலம்பஸ் நாள்’. அதே நாளைப் பல மாநிலங்களும் நகரங்களும் ‘பூர்வகுடி மக்கள் நாள்’ என்று கொண்டாடுகின்றன. ஒரு நகரில் கடலோடி ஒருவரின் பெயரால் ஊர்வலம் செல்கிறது. மற்றொரு நகரில், அவர் வருகையோடு தொடங்கிய பேரழிவில் எஞ்சியோரின் சந்ததியார் கூடித் தம் முன்னோரை நினைவுகூர்கின்றனர். இவ்விரண்டில் எது முறை என்னும் விவாதம் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது தொலைவிலுள்ள ஒரு நாட்டின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் 1492ஆம் ஆண்டை நாம் வேறொரு வாசல் வழியாகவும் அறிந்திருக்கிறோம். ஆகவே இதில் நாம் சொல்ல வேண்டியதும் உண்டு. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு.

அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள், ஹிஜ்ரி 897இல், கிரனடாவின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் தம் நகரை ஃபெர்டினாண்ட், இசபெல்லா அரச இணையரிடம் ஒப்படைத்தார். ஐபீரியத் தீபகற்பத்தில் 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி அன்றோடு முடிவுற்றது. அல்ஹம்ராவின் கோபுரங்களில் அரச கொடிகள் ஏற்றப்பட்டதைத் தாம் கண்ணாரக் கண்டதாகக் கொலம்பஸ் தம் பயணக் குறிப்பின் முன்னுரையிலேயே பதிவு செய்கிறார். மார்ச் 31ஆம் நாள் யூதர்களை நாடு கடத்தும் ஆணை பிறந்தது. ஏப்ரல் 17ஆம் நாள் கொலம்பஸுக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது கையெழுத்தான சாந்தா ஃபே என்னும் ஊர், கிரனடா முற்றுகைக்கென எழுப்பப்பட்ட பாசறை நகரமாகும். அவர் தம்முடன் அழைத்துச் சென்ற மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் தெ தோரஸ் என்பவர், அரபு அறிந்திருந்த, யூத மதத்திலிருந்து மாறிய ஒருவர். கிழக்கே சென்றடைவோம், அங்கே அரபு பயன்படும் என்பது கொலம்பஸின் கணக்கு. கிரனடாவின் வீழ்ச்சியும் அட்லாண்டிக் பயணமும் ஒரே அரசின், ஒரே ஆண்டின், ஒரே மனநிலையின் விளைவுகள் என்பதை இவை காட்டுகின்றன.

அக்டோபர் 12ஆம் நாள் கொலம்பஸ் கரையிறங்கிய தீவைப் பஹாமாஸ் தீவுக்கூட்டத்து மக்கள் குவானஹானி என்று அழைத்தனர். அவர் அதற்கு சான் சல்வதோர் என்று வேறு பெயர் சூட்டினார். அங்கிருந்தே சிலரைப் பிடித்து, வழிகாட்டிகளாக உடன் கொண்டு சென்றார். பிறகு ஹிஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும்) குடியேற்றம் அமைந்தது. தங்கம் விளையும் பகுதிகளில் பதினான்கு வயது கடந்த தாயினோ மக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மணியளவு தங்கத்தூள் திறையாகச் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1495இல் சுமார் ஐந்நூறு பேர் அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர் கடலிலேயே மாண்டனர். கட்டாய உழைப்பும் பஞ்சமும் படுகொலையும் அம்மக்களைச் சிதைத்தன. பின்னர் பெரியம்மையும் வந்தது. லட்சக்கணக்கில் இருந்திருக்கக்கூடிய ஹிஸ்பானியோலாவின் மக்கள் தொகை, 1514ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கியிருந்தது.

“அக்காலத்து மனிதரை இக்கால அளவுகோலால் அளக்கலாகாது” என்று கொலம்பஸ் நாளை ஆதரிப்போர் கூறுவர். பொதுவாக நோக்கின் இது ஏற்கத்தக்க எச்சரிக்கையே. ஆனால் இவ்விடத்தில் அது பொருந்தவில்லை. ஏனெனில் அக்காலத்து அளவுகோலே அவரைக் கண்டித்திருக்கிறது. 1500இல் அரசு அனுப்பிய பிரான்சிஸ்கோ தெ போபதிய்யா, நிர்வாகக் கொடுமைகளை விசாரித்து, கொலம்பஸை விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினார். 1511 டிசம்பரில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்னும் பாதிரியார், ஹிஸ்பானியோலாவின் தேவாலய மேடையிலேயே குடியேறிகளின் அநீதியைக் கடிந்துரைத்தார். தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்து பின்னர் மனம் மாறிய பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ், பூர்வகுடிகள் அழிக்கப்பட்ட வரலாற்றை எழுதி 1552இல் வெளியிட்டார். இம்மக்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்கரைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் பரிந்துரைத்தவரும் அவரே; அதற்காகப் பின்னாளில் வருந்தியவரும் அவரே. கொலம்பஸின் பயணக் குறிப்பு இன்று நமக்குக் கிடைப்பதும் அவர் எழுதிவைத்த சுருக்கத்தின் வழியாகத்தான்.

இனி, இந்த நாள் விடுமுறையான வரலாற்றை நோக்குவோம். அதில் வேறொரு சாராரின் துயரமும் கலந்திருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 1890 டிசம்பர் 29இல் தென் டகோட்டாவின் வூண்டட் நீ என்னுமிடத்தில், அமெரிக்கப் படையினர் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்றனர். மூன்று மாதங்களுக்குள், 1891 மார்ச் 14இல், நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெறிகொண்ட கும்பலொன்று சிறைக்குள் புகுந்து இத்தாலியர் பதினொருவரைக் கொன்றது. குடியேறிய இத்தாலியர் அந்நாளில் வெறுக்கப்பட்ட சிறுபான்மையினர். கத்தோலிக்கர் என்பதும் அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1892இல் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் நானூறாம் ஆண்டு விழாவை அறிவித்தபோது, ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் வழியாக இந்நாட்டில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று காட்ட அவர்கள் முனைந்தனர். நியூயார்க்கில் இன்றும் நிற்கும் கொலம்பஸ் சிலை அவர்கள் திரட்டிய நன்கொடையால் எழுந்தது. 1907இல் கொலராடோ மாநிலம் அந்நாளை விடுமுறையாக்கியது. 1934இல் காங்கிரஸ் ஆண்டுதோறும் அறிவிக்குமாறு அதிபரைக் கேட்டுக்கொண்டது. 1968இல் இயற்றிய சட்டப்படி 1971 முதல் அது திங்கட்கிழமை விடுமுறையாயிற்று.

ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் மானத்துக்கு ஊன்றிய தூண், அதைவிடக் கொடிதாக ஒடுக்கப்பட்ட மற்றொரு சமூகத்தின் நெஞ்சின்மீது ஊன்றப்பட்டிருந்தது. இவ்விவாதத்தின் உண்மையான சிக்கல் இதுவே.

பூர்வகுடிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை முழுமையாகக் கிடைத்ததே 1924இல்தான். 1977இல் ஜெனீவாவில் கூடிய அவர்களுடைய பிரதிநிதிகள், அக்டோபர் 12ஐத் தம் மக்களோடு ஒருமைப்பாடு காட்டும் நாளாக்க வேண்டும் என்று முன்மொழிந்தனர். வூண்டட் நீ கொலைகளின் நூறாம் ஆண்டான 1990இல், தென் டகோட்டா மாநிலமே கொலம்பஸ் நாளைப் பூர்வகுடிகள் பெயரால் மாற்றியது. ஐந்நூறாம் ஆண்டான 1992இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் அவ்வழியைப் பின்பற்றியது. அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசு, குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்மணி ரிகோபெர்த்தா மென்சூவுக்கு வழங்கப்பட்டது. 2021இல் அதிபர் பைடன் பூர்வகுடி மக்கள் நாளை முதன்முறையாக அதிபர் பிரகடனமாக வெளியிட்டார். கொலம்பஸ் நாளையும் உடன் அறிவித்தார். 2025இல் அதிபர் டிரம்ப் கொலம்பஸ் நாளை மட்டுமே அறிவித்து, கடலோடியைப் பெரிதும் புகழ்ந்தார். தென்னகத்தில் வெனிசுவேலா 2002இல் அதைப் பூர்வகுடி எதிர்ப்பின் நாளாகவும், பொலிவியா 2011இல் காலனிய நீக்க நாளாகவும் மாற்றின. ஸ்பெயினுக்கோ அக்டோபர் 12 இன்றும் தேசிய விழா.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர், ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் நீதிமன்றங்களில் செய்த வேலையை அறிய வேண்டும். 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் வெளியிட்ட ஆணை, கண்டறியப்பட்டனவும் இனிக் கண்டறியப்படுவனவுமான நிலங்களை ஸ்பெயினுக்கு உரியவையாக்கியது. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், கண்டுபிடித்த ஐரோப்பிய அரசுக்கே நிலத்தின் மேலுரிமை உண்டு. பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு என்று தீர்ப்பளித்தார். ஒனைடா மக்களின் வழக்கில் 2005இல் வந்த தீர்ப்பிலும் அக்கோட்பாடு அடிக்குறிப்பில் எடுத்தாளப்பட்டது. வத்திக்கான் அதை நிராகரிப்பதாக அறிவித்தது 2023 மார்ச்சில். ஆகவே ‘கண்டுபிடித்தவரின் நாள்’ என்பது வெறும் புகழ்மாலை அன்று. ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த மண்ணை ஆளற்றதாகக் கருதிய சட்டத்தின் ஆண்டுவிழாவாகவும் அது அமைந்துவிடுகிறது.

இதை உணர்வது நமக்குக் கடினமன்று. கிரனடா நகரில் இன்றளவும் ஒவ்வொரு ஜனவரி 2ஆம் நாளும் நகரம் கைப்பற்றப்பட்ட நாள் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அந்நகர மக்களிடையே அதற்கு எதிர்ப்பும் எழுந்து வருகிறது. சரணடைந்தபோது வாக்களிக்கப்பட்ட மதச் சுதந்திரம் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை என்பதையும், 1609 தொடங்கி மொரிஸ்கோ மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டதையும் அறிந்தவர் அவ்விழாவை எவ்வாறு காண்பார்? இன்னும் அருகில் வருவோம். கோழிக்கோட்டை அடுத்த காப்பாட்டில், 1498இல் வாஸ்கோ ட காமா இறங்கியதைக் குறிக்கும் நினைவுக்கல் நிற்கிறது. மாலிந்தியிலிருந்து வழியறிந்த மாலுமி ஒருவர் வழிகாட்ட வந்து சேர்ந்தவரைத்தான் ‘இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர்’ என்று நம் பாடநூல்கள் கற்பித்தன. அரபியரும் மாப்பிள்ளைகளும் மரைக்காயர்களும் பல நூற்றாண்டுகள் வணிகம் நடத்திய கடல் இது. 1502இல் அதே காமா, மக்காவிலிருந்து ஹஜ் பயணிகளோடு திரும்பிய ‘மீரி’ கப்பலைப் பெண்களும் சிறுவரும் உள்ளிருக்கவே எரித்தார். போர்ச்சுக்கீசியரின் கொடுமைகளை ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் தம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் பதிவு செய்தார். 1998இல் ஐந்நூறாம் ஆண்டு வந்தபோது அதைக் கொண்டாடுவதற்குக் கேரளத்தில் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் பிறர் பிழையைக் காணும் கண்ணுக்குத் தம் பிழையும் தெரிய வேண்டும். கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம் மாலுமிகள் அமெரிக்காவைக் கண்டுபிடித்தனர் என்னும் வாதம் நம்மிடையே அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. 2014இல் துருக்கி அதிபர் எர்துவான், கியூபாவின் குன்றொன்றில் பள்ளிவாசல் இருந்ததைக் கொலம்பஸே குறிப்பிட்டதாகப் பேசினார். அக்குறிப்பை ஊன்றிப் படித்தால், ஒரு மலையின் உச்சி அழகிய பள்ளிவாசல் போல் தோன்றியது என்னும் உவமையே அது என்பது விளங்கும். அங்கே பள்ளிவாசல் இருந்ததற்குத் தொல்லியல் சான்று எதுவும் இல்லை. சான்றின்மை ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அவ்வாதத்தின் உள்ளே இருக்கிறது. கண்டுபிடித்தவர் யார் என்னும் போட்டியில் நாமும் ஒரு பெயரை முன்மொழிந்தால், குவானஹானியின் மக்களை இரண்டாம் முறை மறைத்தவர்களாவோம். பறிக்கப்பட்டவர்களின் வரலாற்றை நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகம், பறித்தவரின் பட்டத்துக்கு ஆசைப்படலாகாது.

அவ்வாறாயின் பொது விடுமுறை எவ்வாறு அமைய வேண்டும்? பொது விடுமுறை என்பது ஓர் அரசு தன் குடிமக்கள் அனைவரின் பெயராலும் ஆண்டுதோறும் சொல்லும் சாட்சியம் என்பது நம் கருத்து. சாட்சியம் உண்மையாக இருக்க வேண்டும். அதைக் கேட்கும் குடிமக்களுள் யாரும் தம் இழிவுக்குத் தாமே கைதட்ட வேண்டியவராகக் கூடாது. கொலம்பஸின் கடலறிவும் துணிவும் வரலாற்று நூல்களில் இடம்பெறட்டும். அவற்றை எவரும் அழிக்கவில்லை. இத்தாலிய வழியினருக்கு ஒரு நாள் வேண்டுமெனில், 1891இல் கொல்லப்பட்ட பதினொருவரும், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த அவர்தம் பாட்டன்மாரும் அந்நாளுக்கு உரியவர்கள். அவர்களுடைய மானத்தைக் காக்க ஓர் அடிமை வணிகரின் துணை தேவையில்லை.

பூர்வகுடி மக்கள் நாளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு, முறிக்கப்பட்ட உடன்படிக்கைகளையும் மறைந்துவரும் மொழிகளையும் மறந்துவிட்டால், அதுவும் மற்றுமொரு திங்கட்கிழமை ஓய்வாகவே முடியும். அந்நாளில் பள்ளிச் சிறுவன் ஒருவன், “நம் ஊர் யாருடைய நிலமாக இருந்தது? அவர்கள் இப்போது எங்கே?” என்று கேட்பானாயின், அக்கேள்விக்கு ஆசிரியரிடம் விடை இருக்குமாயின், அவ்விடுமுறை தன் கடமையைச் செய்தது எனலாம். காப்பாட்டுக் கடற்கரையில் நிற்கும் நம் பிள்ளைகளும் அதுபோன்ற ஒரு கேள்வியைக் கேட்கக்கூடும். கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவரைப் பற்றி மட்டுமன்றி, ‘மீரி’ கப்பலில் இருந்தவர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?