ஆர்.கே.பேட்டை ஊராட்சி ஒன்றியம்: பள்ளியும் நிதியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று; ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் வட்டாரம். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த பகுதியைச் சேர்ந்தது. தெலுங்கும் இங்கே வீட்டுமொழி.

இவ்வொன்றியத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ‘ஊராட்சி ஒன்றியப் பள்ளி’ என்றே பெயர்ப்பலகை தாங்குகின்றன. ஆனால் பெயர் சொல்லும் அளவுக்கு அதிகாரம் ஒன்றியத்திடம் இல்லை. 1981 ஜூன் 1 முதல் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். நியமனமும் சம்பளமும் கல்வித்துறையின் பொறுப்பு. கட்டடமும் சுற்றுச்சுவரும் ஒன்றியத்தின் பாடு. ஓடு பெயர்ந்தால் தலைமையாசிரியர் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தமிழகத்தில் 2022இல் 20 உறுப்பினர்களுடன் இக்குழுக்கள் திருத்தியமைக்கப்பட்டன. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழு எழுதலாம். ஆனால் பணம் பிறர் கையில். உள்ளாட்சிகளுக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது.

ஒன்றியத்தை நடத்திவந்த, 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பின்னர் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.