தகாத பெயர் பெற்ற பின்னம்

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் பின்னங்களுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மேலுள்ள தொகுதி கீழுள்ள பகுதியைவிடச் சிறியதாயின் தகு பின்னம். அவ்வாறின்றேல் தகா பின்னம். முழு எண்ணும் பின்னமும் இணைந்து நின்றால் கலப்புப் பின்னம். அண்மையில் நம் வீட்டுப் பிள்ளையொன்று, "பன்னிரண்டரை என்று அழகாக இருக்கிறதே, அதை 25/2 என்று தகாததாக ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்டது. கலப்புப் பின்னங்களைப் பெருக்குமுன் தகா பின்னமாக்க வேண்டும் என்னும் விதி அப்பிள்ளைக்கு மனப்பாடம். காரணத்தைத்தான் யாரும் சொல்லவில்லை.

காரணத்தை ஒரு நிலத்தை வைத்தே பார்ப்போம். நீளம் பன்னிரண்டரைக் கோல், அகலம் ஏழே மூன்றிலொரு கோல் உள்ள ஒரு மனை. அவசரக்காரர் ஒருவர் பன்னிரண்டை ஏழால் பெருக்கி 84 என்பார். அரையை மூன்றிலொன்றால் பெருக்கி ஆறிலொன்று என்பார். இரண்டையும் கூட்டி 84 1/6 குழி என்று முடித்துவிடுவார். முழுவோடு முழுவையும் பின்னத்தோடு பின்னத்தையும் பெருக்கியவர், முழுவோடு பின்னம் உறவாடும் இரண்டு துண்டுகளை மறந்துபோனார். பன்னிரண்டில் மூன்றிலொன்று 4 குழி. ஏழில் பாதி 3½ குழி. ஆக ஏழரைக் குழி நிலம் காகிதத்திலேயே காணாமற் போயிற்று. முறைப்படி 25/2 என்றும் 22/3 என்றும் மாற்றிப் பெருக்கினால் 550/6, அதாவது 91⅔ குழி என்ற சரியான விடை ஒரே மூச்சில் வந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அந்த மனையின் உரிமையாளர் மனைவியையும் மக்களையும் விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டிலொன்று என்பது மார்க்கம் வகுத்த பங்கு. பிழைபட்ட கணக்கால் அந்த விதவை இழப்பது 15/16 குழி. நம் பேச்சுவழக்கில் சொன்னால் முக்காலே மூன்று வீசம். பராயிள் கற்றோர் கணக்கைத் தனிக்கல்வியாகப் போற்றியது ஏன் என்பது இப்போது விளங்கும். அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று எனத் திருக்குர்ஆன் குறித்த பங்குகள் யாவும் பின்னங்களே அன்றோ?

இவ்விதியைக் கண்டவர் யார்? இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். கணிதம் என்றாலே அனைத்தையும் அரபியர் கண்டனர் என்று மேடையில் முழங்குவது நம்மில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே இவ்விதி தெளிவாக உள்ளது: முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டுக, பின்னர்த் தொகுதிகளின் பெருக்கத்தைப் பகுதிகளின் பெருக்கத்தால் வகுக்க. வடமொழிக் கணக்கர்கள் பின்னங்களை இவ்வாறு ஒருதன்மைப்படுத்துவதைச் சவர்ணனம் என்றனர். ஒரே வர்ணமாக்கல், ஒரே வகையாக்கல் என்பது பொருள்.

அவர்கள் எழுதிய முறையும் இவ்விதிக்குத் தோதாக அமைந்தது. முழு எண்ணை மேலே, தொகுதியை அதன் கீழே, பகுதியை அடியிலே வைத்து ஒரு பத்தியாக எழுதினர். நடுவே கோடு கிடையாது. ஏழே மூன்றிலொன்று என்றால் மேலே 7, நடுவில் 1, அடியில் 3. மேலதை அடியதால் பெருக்கி நடுவதோடு கூட்டி, மேலதை அழித்துவிட்டால் 22, 3 என்னும் இரண்டே எண்கள் எஞ்சும். தூசு பரப்பிய பலகையில் விரலால் எழுதி அழிக்கும் காலத்தில் இதைவிட எளிய வழி வேறென்ன வேண்டும்?

இக்கணக்கைப் பக்தாதுக்குக் கொணர்ந்து பரப்பியவர்களுள் தலையாயவர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ. கலீபா மஃமூனின் ஆட்சிக் காலமாகிய 813 முதல் 833 வரையிலான ஆண்டுகளில் சிறந்து விளங்கியவர். அவரது அல்ஜீப்ரா நூலில் ஏறத்தாழச் சரிபாதி வஸிய்யத்து, வாரிசுப் பங்கு பற்றிய கணக்குகளே. எண்கணிதம் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூல் இந்தியரின் கணக்கு முறையைக் கற்பிப்பது என்பதை அவர் மறைக்கவில்லை. இந்தியரிடம் பெற்றதை இந்தியருடையதென்றே சொன்னார். அன்னார் கோராத உரிமையை அவர் பெயரால் நாம் கோருவானேன்?

ஆயினும் அரபு நாட்டில் இக்கணக்கு வேரூன்றுவதற்கு மொழியே ஒரு தடையாக நின்றது. அரபு மொழியில் நிஸ்பு என்னும் பாதி முதல் உஷ்ரு என்னும் பத்திலொன்று வரை பின்னங்களுக்குத் தனிப்பெயர் உண்டு. அதற்கப்பால் இல்லை. பதினொன்றில் மூன்றைக் குறிக்க, 'பதினொரு பாகங்களில் மூன்று பாகங்கள்' என்று நீட்டி முழக்க வேண்டும். இத்தகையவற்றைச் செவிட்டுப் பின்னங்கள் என்னும் பொருளில் 'அஸம்மு' என்றே அழைத்தனர். அரசு எழுத்தர்கள் விரல்மடிப்புக் கணக்கையும் பெயருள்ள பின்னங்களையுமே விரும்பினர். பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா என்னும் பெருங்கணிதர் எழுத்தர்களுக்காகவும் அலுவலர்களுக்காகவும் ஒரு நூல் எழுதியபோது, இந்திய எண்ணுருக்களை அதில் சேர்க்காமல் எண்களை எல்லாம் சொற்களாலேயே எழுதினார். அறிவில் குறைந்தவரல்லர் அவர். படிப்பவரின் பழக்கத்துக்கு இணங்கினார், அவ்வளவே. நம் பாட்டன்மார் எண்சுவடி வாய்பாட்டை விட்டுப் பள்ளிக்கூடக் கணக்குக்கு மாறத் தயங்கியதை நினைப்போர்க்கு இது வியப்பளிக்காது.

ஹிஜ்ரி 341இல், அதாவது 952-53இல், திமிஷ்கு நகரில் அல் உக்லீதிஸீ என்பவர் இந்தியக் கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். தூசுப் பலகையை விட்டுத் தாளும் மையும் கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. தெருவோரச் சோதிடர்கள் அப்பலகையை வைத்துப் பிழைத்ததால் கண்ணியமானவர்கள் அதனோடு காணப்பட நாணினர் என்பதும் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று! தாளில் எழுதினால் மேலெண் அழிவதில்லை. பன்னிரண்டரையும் இருக்கும், 25/2உம் இருக்கும். பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்கலாம்.

அரபுக் கணித நூல்களில் இம்மாற்றத்துக்கு நிலைத்த பெயர் 'தஜ்னீஸ்'. ஜின்ஸ் என்றால் இனம். தஜ்னீஸ் என்றால் இனமாக்கல். பன்னிரண்டு முழுக் கோல்களையும் அரைக்கோல் என்னும் ஒரே இனமாக உடைத்தால் இருபத்து நான்கு. உடனுள்ள அரையையும் சேர்த்தால் இருபத்தைந்து. பெருக்கி முடித்தபின் முழுக்களைத் திரட்டி எடுப்பதற்குப் பெயர் 'ரஃப்உ', அதாவது உயர்த்துதல். வடமொழியாரின் சவர்ணனமும் அரபியரின் தஜ்னீஸும் ஒரே கருத்தைச் சுட்டுவதைக் காண்க. ஆங்கிலச் சொல்லைத் தழுவி நாம் வைத்துக்கொண்ட 'தகா பின்னம்' என்னும் பெயரிலோ அக்கருத்தின் நிழல்கூட இல்லை. 'இனமாக்கிய பின்னம்' என்று சொல்லியிருந்தால் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாது என்பது நம் கருத்து.

ஸமர்கந்தின் அல் காஷீ 1427இல் முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்னும் பெருநூலிலும் பின்னக் கணக்கு விரிவாக இடம்பெறுகிறது. பிற்காலத்தில் பஹாவுத்தீன் ஆமிலீ சுருக்கமாக எழுதிய 'குலாஸத்துல் ஹிஸாப்' தஜ்னீஸையும் ரஃப்உவையும் இலக்கணம் கூறி விளக்குகிறது. தர்ஸே நிஜாமீ பாடத்திட்டத்தில் இந்நூல் இடம்பெற்றதால், பிரம்மகுப்தர் தெளிவாகச் சொன்ன விதியை இந்திய மதரஸா மாணவர்கள் அரபு மொழியில் ஓதினார்கள்.

மேற்கே சென்ற கிளையும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மக்ரிபைச் சேர்ந்த அல் ஹஸ்ஸாரின் நூலில் தொகுதிக்கும் பகுதிக்கும் இடையே கோடு காணப்படுகிறது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள புஜாயா துறைமுகத்தில், பீஸா நகர வணிகர்களுக்காகச் சுங்கச்சாவடியில் பணியாற்றினார் ஓர் அலுவலர். அவர் மகன் லியோனார்டோ அவ்வூரிலேயே இந்திய எண்களைக் கற்றார். ஃபிபொனாச்சி என்று உலகறிந்த அவர், 1202இல் இலத்தீனில் இயற்றிய 'லிபர் அபாசி' நூலின் ஆறாம் அத்தியாயத்தைக் கலப்புப் பின்னப் பெருக்கலுக்கென்றே ஒதுக்கினார். பின்னத்தை முழு எண்ணுக்கு இடப்புறம் எழுதுவது அவர் வழக்கம். வலமிருந்து இடமாக எழுதும் அரபு ஏட்டின் சாயல் இலத்தீனிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அல் குவாரிஸ்மீயின் எண்கணித நூலுக்கு அரபு மூலம் கிடைக்கவில்லை. இலத்தீன் வடிவமே எஞ்சியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பிரதி 1857இல் ரோமாபுரியில் அச்சேறியது. அது முற்றுப்பெறாத ஏடு. பின்னங்களைப் பெருக்குவதைச் சொல்லிக்கொண்டு வரும் இடத்திலேயே அறுந்துவிடுகிறது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், நியூயார்க்கில் கண்டெடுத்த மற்றொரு பிரதியைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் மென்ஸோ ஃபோல்கெர்ட்ஸ் முழு நூலையும் வெளியிட்டார். அறுந்துபோன பெருக்கலின் மிச்சம் அதில் இருந்தது.