மொழி வகுப்பிற் பிறநாட்டுச் சின்னங்கள்
கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைக் கற்பிக்கும்போது அம்மொழிக்குரிய மக்களின் கொடியையும் கீதத்தையும் விழாக்களையும் உடையையும் உணவையும் சேர்த்துக் கற்பிக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் கற்பித்தல் முறை பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகின்றது. மொழியினின்றும் பண்பாட்டைப் பிரித்தெடுத்தல் இயலாது என்பர் ஒரு சாரார். பிறநாட்டுச் சின்னங்களை இளம் உள்ளங்களிற் பதித்தல் சொந்த மண்மீதுள்ள பற்றைக் குறைக்கும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இலங்கையைப் பொறுத்தவரை இது புதிதாக எழுந்த வினா அன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்நாட்டு வகுப்பறைகளில் நடத்திப் பார்க்கப்பட்ட ஒன்று. அதன் பெறுபேறுகளை ஆராய்வதற்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ செல்ல வேண்டியதில்லை. கிழக்குக் கரையோரத்தில், பெரியநீலாவணை தொடக்கம் காரைதீவு வரையான குறுகிய நிலப்பகுதியே போதுமானது.

பெரியநீலாவணை கல்முனைப் பிரதேசத்தின் வடகோடியில் உள்ள தமிழூர். அதனை அடுத்துத் தெற்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை. பின்னர் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தமிழரூர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்கின்றன. 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் உருவாகும் வரை இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. கோயிலுக்குச் செல்வோருக்கும் பள்ளிவாசலுக்குச் செல்வோருக்கும் வீட்டுமொழி தமிழே. ஆயின் பிள்ளைகள் கற்ற பிறமொழிகள் வேறு வேறு; அம்மொழிகளோடு வந்த சின்னங்களும் வேறு வேறு. ஒரே மொழி பேசும் அயலூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறநாடுகள் ஒரே காலத்தில் அறிமுகமாயின என்பதே இப்பகுதியின் வரலாற்றுச் சிறப்பு எனலாம்.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். 1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பிற் பாடசாலைப் பணியைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815இல், அவர் அங்கேயே காலமானார். அவர் தொடங்கிய பணி நிலைத்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் 1833இல் நடைமுறைக்கு வந்தபின் ஆங்கிலம் உத்தியோகத்துக்குரிய வாயிலாயிற்று. இந்தியாவில் மெக்காலே தமது புகழ்பெற்ற குறிப்பை எழுதியது 1835இல். இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டு இடைவெளி என்பதைக் கவனித்தால், இலங்கையில் நிகழ்ந்தது தனித்த ஒரு நிகழ்ச்சியன்று என்பது புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்முனையிலும் மிசனின் ஆங்கிலப் பாடசாலை எழுந்தது. இந்நாட்டு மாணவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய பரீட்சைகளுக்குத் தோற்றலாயினர். பரீட்சை எங்கிருந்து வந்ததோ பாடமும் அங்கிருந்தே வந்தது. பனியைக் கண்டிராத பிள்ளை பனிக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியது. வேளாண்மை வெட்டு நடக்கும் மாதத்தில் வேறொரு நாட்டின் வசந்தத்தைப் பற்றி வாசித்தது. விக்டோரியா மகாராணியின் பிறந்த தினமாகிய மே 24 பின்னர் பேரரசுத் தினமாயிற்று. அன்று யூனியன் ஜாக் கொடி ஏற்றப்பட்டது. மன்னரை வாழ்த்தும் கீதம் பாடப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுதல் வேண்டும். பனியும் வசந்தமும் பற்றிக் கற்பித்ததனாற் பெருந்தீங்கு விளைந்தது என நாம் கருதவில்லை. சங்கச் செய்யுளைக் கற்கும் மட்டக்களப்பு மாணவன் குறிஞ்சி நிலத்தைக் கண்டிருக்கிறானா? காணாத நிலத்தைக் கற்பனையிற் காண்பது இலக்கியக் கல்வியின் இயல்பு. தீங்கு வேறிடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. கேட்போரை உள்ளடக்கியதா, விலக்கியதா என்பதை அச்சொல் காட்டுவதில்லை. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நமது மன்னர்’ என்பது வேறு, ‘எங்கள் மன்னர்’ என்பது வேறு. ஓர் ஆங்கிலேயர் கல்முனை மாணவனுக்கு முன்னே நின்று தம் அரசரைத் தமிழிற் குறிப்பிட நேர்ந்தால், மரபுப்படி அவர் ‘எங்கள் மன்னர்’ என்றே சொல்லியிருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லியிருந்தால் அது பிறநாட்டுப் பண்பாடு பற்றிய நல்லதொரு பாடமாயிருந்திருக்கும். ஆனால் பாடப்புத்தகமும் வாழ்த்துப்பாவும் வேண்டி நின்றது ‘நமது’ என்பதையே. பிறநாட்டுச் சின்னம் பிறநாட்டுச் சின்னமாகக் கற்பிக்கப்படவில்லை; மாணவனுடைய சொந்தச் சின்னமாகக் கற்பிக்கப்பட்டது. குடியேற்ற நாட்டுக் கல்வியின் குறைபாடு அந்நியத்தைக் கற்பித்தமையன்று, அந்நியத்தின் அந்நியத்தன்மையை மறைத்தமையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இதனை அக்காலத்தவரும் உணராமலிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிசன் பாடசாலைகளின் வாசிப்பு நூல்களுக்கு மாற்றாகப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். 1905இல் ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, மேனாட்டு வழக்கங்களைக் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்தார். 1930களின் தொடக்கத்திற் சூரியமல் இயக்கம் எழுந்தது. முதலாம் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் வருமானத்திற் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கே சென்றது. அதனை எதிர்த்து உள்ளூர்ப் பூவரசம் பூ விற்கப்பட்டது. ஒரு பூவுக்கு மற்றொரு பூ. சின்னத்தைச் சின்னத்தாலேயே எதிர்க்க முடியும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் இந்நாட்டு வரலாற்றில் அரிது.

முஸ்லிம் ஊர்களின் கதை வேறு வகையானது. மதமாற்றத்துக்கு அஞ்சி முஸ்லிம்கள் நெடுங்காலம் மிசன் பாடசாலைகளை விட்டு விலகியே நின்றனர். அவர்களின் பிள்ளைகள் முதலிற் கற்ற எழுத்து ஓதற்பள்ளிகளில் லெப்பைமார் கற்பித்த அரபு எழுத்து. அதுவும் கடல் கடந்து வந்ததுதான். ஆயினும் அவ்வெழுத்தைக்கொண்டு தமிழையே எழுதினர். அதனை அரபுத்தமிழ் என்றனர். தமிழிலுள்ள ஒலிகளுக்கு அரபில் எழுத்தில்லாதவிடத்துப் புள்ளிகளும் குறிகளும் இட்டு எழுத்தைத் தம் மொழிக்கேற்ப வளைத்துக்கொண்டனர். பிறநாட்டு வடிவமொன்று ஆதிக்கமாக வராமற் பயன்பொருளாக வரும்போது மக்கள் அதனை எவ்வாறு கையாளுவர் என்பதற்கு இது சான்று.

1882இல் எகிப்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அவர்களை எதிர்த்துத் தோல்வியுற்ற அஹ்மத் உராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு 1901 வரை இங்கு வாழ்ந்தார். அதே 1882இற் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்த அறிஞர் சித்திலெப்பை, உராபி பாஷாவின் ஊக்கத்தோடு முஸ்லிம்களுக்கெனப் புதிய பாடசாலைகளை நிறுவ முயன்றார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1892இற் கொழும்பில் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று; அதன் நாயகன் எகிப்தியன். இலண்டனுக்கு எதிராகக் கெய்ரோ மற்றொரு மையமாக எழுந்ததை இதிற் காண்கிறோம். துருக்கித் தொப்பியும் இக்காலத்திலேயே இலங்கை முஸ்லிம்களின் அடையாளமாயிற்று. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்னும் சட்டத்தரணி அத்தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டபோது, நாட்டின் முஸ்லிம்கள் திரண்டெழுந்து அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானையிற் பெருங்கூட்டம் நடத்தினர். இதிலொரு வேடிக்கை உண்டு. 1925இல் துருக்கியே அத்தொப்பியைச் சட்டத்தினால் விலக்கிவிட்டது. பிறந்த நாட்டிற் சட்டவிரோதமான பின்னரும் இலங்கைத் திருமண வீடுகளில் அது மாப்பிள்ளையின் தலையில் நிலைத்திருந்தது. தேசியச் சின்னம் என்பது யாருடையது என்று கேட்பாருக்கு இத்தொப்பி இலகுவில் விடை தராது.

இனிக் காரைதீவுக்கு வருவோம். 1892இல் அவ்வூரிற் பிறந்த மயில்வாகனன், பிற்காலத்திற் சுவாமி விபுலாநந்தராக விளங்கியவர், ஊரிலேயே தமிழிலக்கணமும் இலக்கியமும் கற்றார், கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் பயின்றார், மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலிருந்து கேம்பிரிட்ஜ் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பேரரசு தன் சின்னங்களை முழுமையாகக் கற்பித்த மாணவருள் இவரும் ஒருவர். அவர் என்ன செய்தார்? 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யைப் புரட்டிப் பார்ப்போர் வியப்படைவர். சேக்கிசுப்பியரின் பன்னிரண்டு நாடகங்கள் அதில் ஆராயப்படுகின்றன. ஆயின் அவை வீற்றிருப்பது ‘எடுத்துக்காட்டியல்’ என்னும் நடுப்பகுதியில். முன்னே பழந்தமிழ் நாடக இலக்கணம், பின்னே வடமொழித் தசரூபகம். இடையே உதாரணமாகச் சேக்கிசுப்பியர். கல்முனை வகுப்பறையில் வழிபாட்டுப் பொருளாக வந்திருக்கக்கூடிய ஒருவரை அவர் தமிழ் இலக்கணத்துக்கு உதாரணம் காட்டும் புலவராக அமர்த்திவிட்டார். ‘ஆங்கிலவாணி’ என்னும் கட்டுரையில் ஆங்கிலப் புலவர்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியதும் இந்நோக்கிலேயே.

விபுலாநந்தரை எடுத்துக்காட்டி ஆங்கிலேயர் கல்வியை நியாயப்படுத்தலாமோ எனின், முடியாது. அவருக்கு வீட்டிலும் ஊரிலும் தமிழாகிய நிலம் காலடியில் முன்பே இருந்தது. அந்நிலம் அமையாதோருட் பலர், தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத வெட்கப்படும் உத்தியோகத்தராயினர். அவர்களின் பெயர்களை வரலாறு பதிவு செய்யவில்லை. அவர்களின் தொகையே பெரிது.

1942இல், உலகப் போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அமைக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். கல்முனையில் விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகினார். அங்கு முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். பின்னர் 1948 முதல் 1961 வரை ஸாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த அவர், ஆங்கிலம், தமிழ், அரபு ஆகிய மூன்றும் முஸ்லிம் மாணவருக்கு வேண்டும் என்றவர்; எகிப்தைப் பற்றி ‘மிஸ்ரின் வசியம்’ என்னும் பயண நூலைத் தமிழில் எழுதியவர். சித்திலெப்பையின் காலத்திற் கற்பனை நாயகனின் நாடாயிருந்த எகிப்து இப்போது நேரிற் கண்டு விவரிக்கப்படும் நாடாயிற்று.

1945இன் இலவசக் கல்வியும் அதனைத் தொடர்ந்து வந்த சுயமொழிக் கல்வியும் வகுப்பறையின் ‘நமது’வை மாற்றியமைத்தன. ஆங்கிலம் போதனாமொழி என்னும் நிலையிழந்து ஒரு பாடமாயிற்று. ஆயினும் அதன் அதிகாரம் போகவில்லை. எழுபதுகளிற் பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்தமை யாவரும் அறிந்ததே. பாடநூலில் ஆங்கிலப் பெயர்களை நீக்கி உள்ளூர்ப் பெயர்களை இட்டுவிட்டாற் சிக்கல் தீர்ந்தது எனக் கருதினோர் உளர். பெயர் மாறிய மாத்திரத்தில் வாளின் கூர் மழுங்குவதில்லை.

மேலும், ‘பிறநாட்டுச் சின்னம்’ என்பதன் எல்லையே இந்நாட்டில் தெளிவானதன்று. ஆனந்த சமரக்கோன் இயற்றிய தேசிய கீதத்தைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். மெட்டு ஒன்றே, மொழி இரண்டு. இக்கரையோரப் பாடசாலைகள் பாடிவந்தது அத்தமிழ் வடிவத்தையே. சுதந்திர தினத் தேசிய வைபவத்தில் அது 2016 பெப்ரவரி 4இல் நீண்ட இடைவெளிக்குப் பின் பாடப்பட்டது. 2020இல் மீண்டும் தவிர்க்கப்பட்டது. ‘நமது’ எனச் சொல்ல விரும்பும் பிள்ளையை ‘எங்கள்’ என்று சொல்லி விலக்கிவிடும் ஆற்றலும் சின்னங்களுக்கு உண்டு. பேரரசின் வகுப்பறை செய்ததற்கு இது நேர்மாறானது. விளைவிலோ அத்துணை வேறுபட்டதன்று.

பெரியநீலாவணையில் 1931இற் பிறந்து, ஆசிரியராகப் பணிபுரிந்து, ஊர்ப்பெயரையே புனைபெயராகக் கொண்ட கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்தார். அவரது ‘வேளாண்மை’ 1982இல் நூலாயிற்று. மட்டக்களப்பு வயலும் வழக்குச்சொற்களும் காவியப் பொருளாகும் தகுதியுடையன என்பதை அது காட்டியது. ஏறத்தாழ அதே வேளையில், 1981இல், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். மண் இழந்த மக்களின் சின்னங்கள் கல்முனைத் தமிழில் வந்து சேர்ந்தன. அவற்றை அவர் நேரே அரபிலிருந்து பெயர்க்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் வாயிலாகவே பெற்றுத் தந்தார். ஒரு காலத்திற் பேரரசுத் தினத்தைக் கொண்டாடுவதற்கென இக்கரையோரத்துக்குக் கற்பிக்கப்பட்ட அதே மொழியின் வழியாக.